பிரான்சுவா மர்த்தேன்

மன்னார்குடியினின்று கிழக்கு நோக்கிச் செல்வோர் வயலும் வாய்க்காலும் கடந்து சோழமண்டலக் கரையை அடைவர். அக்கரையில் நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி என்னும் மூன்று ஊர்கள் ஒன்றற்கொன்று அணித்தாக நிற்கின்றன. தரங்கம்பாடியைத் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620-ஆம் ஆண்டில் டேனியர் உடன்படிக்கையாற் பெற்றனர். நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கேசியரிடமிருந்து 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். காரைக்கால் 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. கொள்ளிடம் கடலொடு கலக்குமிடத்துள்ள தேவிக்கோட்டையை 1749-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கொண்டனர். இங்ஙனம் நம் காவிரி நாட்டுக் கரையொன்றிலேயே ஐரோப்பியச் சாதியார் ஐவர் அடுத்தடுத்துக் காலூன்றினர்.

கடலுக்கு அப்பாலிருந்து வந்த சிலர் பிறர் மண்ணில் எவ்வாறு ஊன்றி நின்றனர்? பீரங்கியால் நின்றனர் என்பது பலரும் எளிதிற் கூறும் விடை. அவ்விடை பிற்காலத்துக்கு ஓரளவு பொருந்தலாம். தொடக்கக் காலத்துக்குப் பொருந்தாது. அக்காலத்தில் அவர்களிடம் இருந்த பீரங்கிகளும் சில, வீரர்களும் சிலரே. உண்மை விடையை அறிய விரும்புவோர்க்குப் புதுச்சேரியை நிலைநிறுத்திய பிரான்சுவா மர்த்தேன் என்பாரின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த பாடம் இல்லை என்பது நம் கருத்து. ஆதலின் அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

மர்த்தேன் 1634-ஆம் ஆண்டிற் பாரிசு நகரிற் பிறந்தவர். தந்தையார் மளிகை வணிகர். முறைப்படி மணந்த மனைவிக்குப் பிறந்த மகனல்லராதலின், தந்தையார் மறைந்தபின் குடும்பச் சொத்தில் அவருக்கு இடமில்லாது போயிற்று. மளிகைக் கடையொன்றிற் சிற்றாளாய் அமர்ந்து, கணக்கெழுதவும் சரக்கு நிறுக்கவும் கற்றார். மரீ குப்பர்லி என்னும் ஏழைப் பெண்ணை மணந்தார். அம்மணத்தாலேயே வேலையையும் இழந்தார். பிழைக்க வழி தேடி நின்ற அவ்வேளையிற் பிரெஞ்சு நாட்டிற் புதியதொரு கதவு திறந்தது.

பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர் 1664-ஆம் ஆண்டிற் கிழக்கிந்தியக் கும்பெனி ஒன்றை நிறுவினார். ஆங்கிலேயர் 1600-லும் ஒல்லாந்தர் 1602-லும் தத்தம் கும்பெனிகளை நிறுவிவிட்டனர். பிரெஞ்சுக்காரர் அறுபது ஆண்டுகள் பிந்தினர். 150 லட்சம் லிவர் முதல் திரட்டுவதென்று திட்டமிட்டனர். மர்த்தேன் அக்கும்பெனியில் இளநிலை வணிகராய்ச் சேர்ந்து, 1665-ஆம் ஆண்டு மனைவியைப் பாரிசில் விட்டுக் கப்பலேறினார். கணவன் சென்றபின் அவ்வம்மையார் சந்தையில் மீன் விற்றுக் காலங்கழித்தார் என்பர். இருவரும் மீண்டும் சந்திப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின.

கப்பல் நேரே இந்தியாவுக்கு வரவில்லை. மடகாஸ்கர் தீவை மற்றொரு பிரான்சாக்குவதே அக்காலப் பிரெஞ்சுக்காரரின் பேராசை. குடியானவரையும் தொழிலாளரையும் ஏற்றிச்சென்று அத்தீவிற் குடியமர்த்தினால் நிலம் விளையும், ஊர் எழும், கப்பல்களுக்கு இடைவழித் தங்குதுறை கிடைக்கும் என்று எண்ணினர். அமெரிக்காவில் ஆங்கிலேயர் 1607-ஆம் ஆண்டில் ஜேம்ஸ்டவுனையும், பிரெஞ்சுக்காரர் 1608-ஆம் ஆண்டிற் கெபெக்கையும் இம்முறையிலேதான் தொடங்கினர். ஜேம்ஸ்டவுனிற் குடியேறியோரிற் பெரும்பாலோர் 1609-ஆம் ஆண்டு மாரிக்காலப் பஞ்சத்தில் மடிந்த செய்தி சரித்திரம் கற்போர் அறிந்ததே. மடகாஸ்கரிலும் அதுவே நிகழ்ந்தது. தோபேன் கோட்டையில் வந்திறங்கியோரைக் காய்ச்சல் வாட்டிற்று, பசி வாட்டிற்று. தாமே உழுது உண்ணாது, அத்தீவினரின் மாடுகளையும் தானியத்தையும் வலிந்து கவர்ந்தமையால் ஊரார் பகையும் மூண்டது. மூன்று ஆண்டுகள் அங்கிருந்து இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டவர் மர்த்தேன். அவர் நீங்கியபின் 1674-ஆம் ஆண்டில் அக்குடியிருப்பு குருதி வெள்ளத்தில் அழிந்தது. அண்டை வாழ்வோரின் மனத்தை வெல்லாத குடியேற்றம் நில்லாது என்னும் பாடத்தை அவர் கற்ற பள்ளி மடகாஸ்கரே எனலாம்.

மர்த்தேன் 1668-ஆம் ஆண்டின் இறுதியில் மடகாஸ்கரினின்று புறப்பட்டுச் சூரத்தை அடைந்தார். பின்னர்க் கோல்கொண்டா அரசின் துறைமுகமாகிய மசூலிப்பட்டினத்திற் பணியாற்றினார். இந்தியா மடகாஸ்கர் அன்று. இங்கே குடியானவரைக் கொண்டுவந்து இறக்க வேண்டிய தேவையில்லை. விளையும் வயலும், நெய்யும் தறியும், உண்டியல் எழுதும் வணிகரும், வரி தண்டும் அரசரும் முன்னமே இருந்தனர். வந்தவர் தேடியது துணி. சோழமண்டலக் கரையின் பருத்தி ஆடைகளை மலாக்காவிலும் சாவகத்திலும் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றலாம். ஐரோப்பாவிலோ நல்ல விலைக்கு விற்கலாம். ஆதலின் இங்கே குடியேற்றம் என்பது நாலைந்து வெள்ளையர் காவலிலிருக்கும் ஒரு பண்டசாலையையும், அதனைச் சூழ்ந்த நெசவாளர் தெருக்களையுமே குறித்தது. பண்டசாலை கட்டுவது எளிது. நெசவாளரை அதனருகே வரச்செய்வதே அரிது.

இவ்வுண்மையை உணராத பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தெ லா ஏ 1672-ஆம் ஆண்டிற் சாந்தோமை வாளால் வென்று அங்கே பிரெஞ்சுக் கொடியை நாட்டினார். கோல்கொண்டாப் படை நிலவழியையும் ஒல்லாந்தர் கப்பல்கள் கடல்வழியையும் அடைத்தன. கோட்டைக்குள் இருந்தோர் அரிசிக்குத் தவித்தனர். அந்நிலையிற் செஞ்சிக்குத் தெற்கேயுள்ள நாட்டைப் பீஜப்பூர் சுல்தானுக்காக ஆண்ட ஷேர்கான் லோடி என்பார், வாலிகண்டபுரத்திலிருந்து பிரெஞ்சுக்காரருக்கு நேசக்கரம் நீட்டினார். கடற்கரையிற் புதுச்சேரி என்னும் சிற்றூரில் அவர்கள் தங்குவதற்கு இசைவளித்தார். 1673-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் பெல்லாஞ்சே தெ லெஸ்பினே என்னும் இளைஞர் அங்கே வந்திறங்கினார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு முதன்முதற் செய்த உதவி யாது? முற்றுகையிலிருந்த சாந்தோமுக்கு உணவுப்பொருள் அனுப்பியதே. ஒரு நகரத்தின் பிறப்பு இவ்வாறு சோற்றை முன்னிட்டதாயிற்று.

மர்த்தேன் 1674-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரிற் சாந்தோம் வீழ்ந்தது. வீரர்கள் கப்பலேறித் தம் நாட்டுக்கு மீண்டனர். கடற்படையும் பெருந்தொகையும் செலவிட்டுப் பெற்ற ஊர் இரண்டே ஆண்டிற் கைநழுவிற்று. ஓர் அதிகாரியின் நட்பாற் கிடைத்த சிற்றூரோ எஞ்சிற்று. அச்சிற்றூரின் பொறுப்பு மர்த்தேன் தலையில் விழுந்தது. உடனிருந்தோர் மிகச் சிலர். பெட்டியிற் பணமில்லை. பிரான்சிலிருந்து கப்பல் எப்போது வரும் என்பதும் தெரியாது.

இந்நிலையில் அவர் எவ்வாறு ஊரை வளர்த்தார் என்பதே நாம் உற்றுநோக்கத் தக்கது. அக்கால வாணிபத்தின் நடைமுறையைச் சிறிது விளக்குவோம். கப்பல் வந்தபின் துணி தேடினாற் கிடைக்காது. துணி மாதங்கள் முன்னரே நெய்யப்பட வேண்டும். நெசவாளரோ ஏழையர், நூல் வாங்கவும் வீட்டில் உலையேற்றவும் அவருக்கு முன்பணம் வேண்டும். கும்பெனி முன்பணத்தை உள்ளூர் வணிகரிடம் கொடுக்கும். வணிகர் தம் பொறுப்பில் ஊர்தோறும் நெசவாளருக்குப் பிரித்தளிப்பர். நெய்த துணி மாதிரியோடு ஒத்திட்டு நோக்கப்பட்டுப் பண்டசாலை சேரும். புதுச்சேரியில் நல்ல துறைமுகமில்லை. கப்பல்கள் கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சலங்கு என்னும் படகுகளை அலைகளுக்கிடையே செலுத்திச் சரக்கேற்ற வேண்டும். ஐப்பசியில் வாடைப் புயல் எழுமுன் கப்பல் கரையை விட்டகல வேண்டும். இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஓராண்டு வாணிபம் பாழாம். நெசவாளர், வணிகர், படகோட்டி, துபாசி ஆகிய அனைவரும் தமிழர். பிரெஞ்சுக்காரர் தம் கையிற் கொண்டிருந்தது தொடரின் ஒரு முனை மட்டுமே.

கும்பெனியின் முன்பணம் வாராத ஆண்டுகளில் மர்த்தேன் தம் சொல்லையே முதலாக்கினார். உள்ளூர் வணிகரிடம் கடன் பெற்றார். தவணை தவறாது தீர்க்க முயன்றார். பூவிருந்தவல்லியைச் சார்ந்த தானப்ப முதலியாரைப் புதுச்சேரிக்கு வரவழைத்து வாணிபத்தில் துணையாக்கினார். அம்முதலியார் வழியினர் பின்னர்ப் பிரெஞ்சுக்காரரின் தலைமைத் துபாசிகளாய் விளங்கினர்; அவ்வழியில் வந்த கனகராய முதலியார் 1746-ஆம் ஆண்டில் மறைந்தபின் அப்பதவி நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையிடம் சென்றது. சென்னையிலும் 1639-ஆம் ஆண்டிற் பிரான்சிஸ் டே என்பாருக்கு நாயக்கரின் இசைவு கிடைத்ததும், பேரி திம்மப்பர் போன்ற துபாசிகளின் முயற்சியாலேயே ஊர் நிரம்பிற்று. வெளிநாட்டார் பெயரால் வழங்கும் நகரங்களுக்கு இந்நாட்டார் இட்ட அடித்தளம் இத்தகையது.

அரசியற் புயல்களோ அடுத்தடுத்து வீசின. 1677-ஆம் ஆண்டிற் சிவாஜி மகாராஜா பெரும்படையுடன் தென்னாடு போந்து செஞ்சியைக் கைப்பற்றினார்; ஷேர்கான் லோடி தோற்றோடினார். ஆதரித்தவர் வீழ்ந்தபோது ஆதரிக்கப்பட்டோர் அழிவது உலக வழக்கம். மர்த்தேன் போருக்கும் எழவில்லை, ஓடவும் இல்லை. காணிக்கையுடன் தூது விடுத்து, எப்பக்கமும் சேராது வாணிபம் ஒன்றே செய்வோம் என்னும் உறுதிமொழி அளித்து, புதுச்சேரியிற் குடியிருக்கும் உரிமையைச் சிவாஜியிடம் பெற்றார். 1681 முதற் சில ஆண்டுகள் சூரத்திற் பணியாற்றி, 1686-ஆம் ஆண்டில் மீண்டும் புதுச்சேரி வந்தார். அவ்வாண்டிலேயே மனைவியாரும் மகளும் வந்து சேர்ந்தனர். மகளை மணந்த தெலாந்து என்பாரே வங்காளத்திற் சந்திரநாகூர்க் குடியிருப்பை உருவாக்கியவர். அதே 1686-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு மன்னர், தம் நாட்டு நெசவாளரைக் காக்க வேண்டி, அச்சடித்த இந்தியத் துணிகளைப் பிரான்சில் விற்றலைத் தடைசெய்தார். தாம் அனுப்பிய கும்பெனியின் சரக்கைத் தாமே தடுத்த இச்செயலால் மர்த்தேனின் இடர் மிகுந்தது.

பெரும் இடி 1693-ஆம் ஆண்டில் விழுந்தது. ஐரோப்பாவில் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டுக்கொண்டிருந்தனர். செஞ்சிக் கோட்டையில் மொகலாயரால் முற்றுகையிடப்பட்டிருந்த இராஜாராம், பணமுடையால் 25,000 வராகனுக்குப் புதுச்சேரியை ஒல்லாந்தருக்கு விற்றார். ஒல்லாந்தரின் பெருங்கப்பற்படை வந்தது. சிறு மதிலையும் சில வீரரையும் கொண்டு மர்த்தேன் இயன்றவரை தாங்கி நின்று, செப்டம்பர்த் திங்களில் மதிப்புடன் சரணடைந்தார். இருபதாண்டு உழைப்புப் பிறர் கையிற் சென்றது. ஒல்லாந்தர் அவரைப் பத்தேவியாவுக்கு அனுப்பினர். பின்னர் அவர் சந்திரநாகூரை அடைந்து காத்திருந்தார்.

இங்கே விதியின் விளையாட்டு ஒன்றைக் காண்கிறோம். புதுச்சேரி இனி என்றும் தமதே என நம்பிய ஒல்லாந்தர், கோட்டையைப் பெருக்கினர். நெசவாளர் குடியேறுதற்கு நேர்கோட்டுத் தெருக்களை வகுத்தனர். 1697-ஆம் ஆண்டு ரிஸ்விக் உடன்படிக்கை, ஊரைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தரும்படி விதித்தது. 1699-ஆம் ஆண்டில் மர்த்தேன், ஒல்லாந்தர் செய்த திருத்தங்களுக்கு ஈடாக 16,000 வராகன் செலுத்தி, தாம் விட்டுச் சென்றதினும் சிறந்த ஊரை மீளப் பெற்றார். 1701-ஆம் ஆண்டிற் சூரத்தை விடுத்துப் புதுச்சேரியே இந்தியப் பிரெஞ்சுக் குடியிருப்புகளுக்குத் தலைமையிடமாயிற்று.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று மர்த்தேனின் ஆட்சித் திறத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுகின்றது. ஊரிலிருந்த சேசு சபையார் கோயில் வழிபாட்டை ஒடுக்க வேண்டுமென வற்புறுத்தினர். 1701-ஆம் ஆண்டளவில் மர்த்தேன் அவ்வற்புறுத்தலுக்கு இணங்கித் தடை விதிக்கத் தலைப்பட்டார். ஊரார் ஆயுதம் எடுக்கவில்லை. நெசவாளரும் வணிகரும் தொழிலாளரும் தம் குடும்பங்களுடன் ஊரைவிட்டு வெளியேற ஆயத்தமாயினர். மர்த்தேனுக்கு உண்மை விளங்கிற்று. ஆளில்லாத தெருவில் எந்தக் கோட்டை எதனைக் காக்கும்? தடையை அவர் கைவிட்டார், மக்கள் தங்கினர். நம் மதிப்பில் இந்நிகழ்ச்சி பெரும்போர்கள் பலவற்றினும் முக்கியமானது. பீரங்கி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஊரின் உயிரோ தறிக்காரர் காலடியில் இருந்தது. அவர்கள் ஓரடி பெயர்ந்தால் புதுச்சேரி மீண்டும் மணல்மேடு. இதனை இருதிறத்தாரும் அறிந்திருந்தமையால் ஊர் வாழ்ந்தது. மர்த்தேன் தாமாகவே நீதி வழுவாதிருந்தார் என நாம் புகழவில்லை. வழுவியதைக் காலத்தில் உணர்ந்து திரும்பினார் என்பதே அவர்க்குரிய புகழ்.

இறுதி ஆண்டுகளில் அவர் கோட்டை ஒன்றை எழுப்பினார். பிரான்சின் பெரும்பொறியாளர் வொபான் தூர்னே நகரில் அமைத்த கோட்டையை மாதிரியாகக் கொண்டு, ஐந்து முனைகளுடன் லூயி கோட்டை எழுந்தது. 1706-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், தூய லூயியின் திருநாளன்று, அது விழாவுடன் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் மீண்டும் போர், கும்பெனி கடனில் மூழ்கிற்று, கப்பல்கள் அரியவாயின. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் மர்த்தேன் இம்மண்ணுலகை நீத்தார். 31-ஆம் வயதிற் கப்பலேறியவர், நாற்பத்தோராண்டு கீழ்நாடுகளிலே கழித்துப் பிறந்த நகரைக் காணாமலே மறைந்தார். அவர் உடல் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டது. அவர் காலத்து இறுதியிற் புதுச்சேரியின் மக்கள்தொகை 40,000 எனச் சரித்திர நூல்கள் குறிக்கின்றன. தாம் கண்டதும் கேட்டதும் செய்ததும் நாள்தோறும் எழுதிவைத்த அவருடைய குறிப்புகள், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்து, 1931 முதல் 1934 வரை மூன்று தொகுதிகளாய் அச்சேறின. அக்காலத் தமிழ்நாட்டின் நிலையை அறிய அவை பெருந்துணையாவன.

பின் நிகழ்ந்தவற்றை ஒரு நோக்கு நோக்குவோம். மர்த்தேனுக்குப்பின் வந்தோரிற் சிலர் அவர் கொண்ட நெறியைக் கைக்கொண்டனர். தூமா என்னும் தலைவர் காலத்திற் காரைக்கால் கிடைத்தது. அரசிலாறு பாயும் அந்நெல்நாடு புதுச்சேரியின் பசி தீர்க்கும் களஞ்சியமாயிற்று. பின்னர்த் துய்ப்ளேக்சு வாணிபத்தைத் துறந்து வாளை நம்பினார்; நாட்டரசர் பூசல்களிற் புகுந்தார். 1748-ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, மர்த்தேன் காலத்தில் மக்கள் காத்த வேதபுரீசுவரர் கோயிலும் இடிக்கப்பட்டது. 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து லூயி கோட்டையைத் தரைமட்டமாக்கினர். கட்டி முடித்து அறுபது ஆண்டு நிறையுமுன்னரே அக்கோட்டை மறைந்தது. தெருக்கள் மீண்டும் எழுந்தன. மக்கள் மீண்டும் வந்தனர். தறிகள் மீண்டும் ஒலித்தன. பிரெஞ்சு ஆட்சியும் 1954-ஆம் ஆண்டில் நீங்கிற்று. ஊர் நிற்கின்றது.

மர்த்தேனை நாம் நாட்டுக்கு நன்மை செய்ய வந்தவராகக் கருத வேண்டுவதில்லை. அவர் தம் கும்பெனியின் இலாபத்துக்காகவே உழைத்தார்; அவர் நட்ட நாற்றே பின்னர் அயலாட்சியாய் வளர்ந்தது என்பதையும் மறைத்தல் முறையன்று. எனினும் உரிமைச் சொத்தின்றிப் பிறந்து, மளிகைக் கடையில் எடைக்கல் தூக்கிய ஒருவர், பொறுமையும் சொற்காப்பும் கொண்டு கப்பற்படைத் தலைவர்கள் செய்ய மாட்டாததைச் செய்துகாட்டினார் என்பது ஒப்புக்கொள்ளத் தக்கதே.

மாணவ அன்பர்களே! சரித்திரப் பாடத்தில் நகரங்களை நிறுவியோர் பெயர்களை நாம் மனனம் செய்கின்றோம். மர்த்தேன் பெயரும் அப்பட்டியலில் உண்டு, உண்டாதலும் தகும். ஆனால் அவர் பெயரைப் படிக்கும்போது, எப்பட்டியலிலும் இடம்பெறாத வேறு பலரையும் நினைத்தல் வேண்டும். முன்பணம் பெற்று நெய்த கைகள், அலையிற் சலங்கு செலுத்திய தோள்கள், வயலில் நெல் விளைத்த கால்கள், தம் கோயிலுக்காக மூட்டை கட்டிய குடும்பங்கள் ஆகிய இவையே அவ்வூரைத் தாங்கிய தூண்கள். அயலார் ஊன்றிய கோல் நம் மண்ணில் நின்றதற்கும் சாய்ந்ததற்கும் நம் மக்களின் உழைப்பும் உறுதியுமே காரணம் என்பதை உணர்வோமாயின், நாகப்பட்டினத்துக்கோ காரைக்காலுக்கோ தரங்கம்பாடிக்கோ செல்லும்போது அங்குள்ள பழஞ்சுவர்கள் நமக்குப் புதிய பொருள் கூறும்.